ஓரளவு

விண்ணப்பத்தில் பதினோராவது கேள்வி: நீந்தத் தெரியுமா? எதிரே மூன்று கட்டங்கள். ஆம், இல்லை, ஓரளவு.

பயிற்சிக்கு வந்த பதினான்கு பேரில் நாங்கள் ஆறு பெண்கள். ஆறில் நான்கு பேர் 'ஓரளவு' போட்டிருந்தோம் என்பது முதல் நாள் ராத்திரி பாய் விரித்துப் படுத்துப் பேசிக்கொண்டிருந்தபோது தெரிந்தது. பையன்கள் எட்டுப் பேரும் 'ஆம்'. மறுநாள் காலை கழுத்தளவு தண்ணீரில் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இரண்டு நிமிடம் மிதந்து காட்டச் சொன்னபோது, அந்த எட்டில் மூன்று 'ஆம்' காலைத் தரையில் ஊன்றிவிட்டது. கேலிக்காகச் சொல்லவில்லை. பையனாகப் பிறந்தவன் 'ஓரளவு' போட முடியாது என்பதும் ஒரு கஷ்டம்தான்.

எங்கள் நான்கு பேருடைய 'ஓரளவு'க்குப் பின்னால் கிட்டத்தட்ட ஒரே கதை இருந்தது. சின்ன வயசில் நன்றாகத் தெரியும். அப்புறம் விட்டுப்போச்சு.

"எந்த வயசுல விட்டீங்க?" என்று பயிற்சி கொடுக்க வந்த அக்கா கேட்டார். ஒருத்தி பன்னிரண்டு என்றாள். ஒருத்தி பதிமூன்று. நான் பதினொன்று. நாலாவது ஆள் பதில் சொல்லாமல் சிரித்தாள். அக்கா அதற்கு மேல் கேட்கவில்லை.

எனக்கு ஊர் அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே, கரிசல் காடு. எங்கள் பக்கம் நீச்சல் என்றால் கிணறு. அம்மா காலத்தில் காய்ந்த சுரைக்குடுக்கை இரண்டை முதுகில் கட்டி உள்ளே இறக்குவார்களாம். என் காலத்தில் அது அஞ்சு லிட்டர் எண்ணெய் கேன். மாமா தூக்கி எறிவார், பின்னாலேயே அவரும் குதிப்பார். மூன்று நாள் தண்ணீர் குடித்தால் நாலாவது நாள் கேனை அவிழ்த்துவிடலாம். பம்புசெட் ரூம் கூரை மேல் ஏறி, ஓடிவந்து, காலை மடக்கிக் குதித்தால் தண்ணீர் மேலே வாய்க்கால் வரைக்கும் தெறிக்கும். பத்து வயசில் அந்தக் கூரையிலிருந்து குதிக்கிற ஒரே பிள்ளை நான்தான் என்று இன்றைக்கும் ஊரில் சொல்வார்கள்.

பதினொரு வயசில் சடங்கு முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஆச்சி திண்ணையிலிருந்தே, "இனிமே அங்க என்ன சோலி?" என்றாள். அவ்வளவுதான். அடி இல்லை, அழுகை இல்லை, கதவைப் பூட்டவில்லை. துண்டைக் கொடியில் போட்டுவிட்டு டிவி பார்க்க உட்கார்ந்தேன். தம்பி மட்டும் போனான்.

அம்மாவுக்கும் அப்படித்தான் நின்றிருக்கிறது என்று பிற்பாடு தெரிந்தது. கமலை மேட்டிலிருந்து தலைகீழாகப் பாய்கிறவள் என்று பேர் வாங்கியவள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் கடலில் இறங்கியது மூன்றே முறை. மூன்றும் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தம், மூன்றும் யாராவது செத்ததற்குப் பிறகு. சேலையோடு, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் மூன்று முழுக்கு. பஸ்ஸில் இரண்டரை மணி நேரத்தில் கடல் இருந்தும் எங்கள் வீட்டில் அது திதி கொடுக்கிற இடமாக மட்டும் இருந்தது.

நான் எட்டாவது படித்தபோது எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் கண்மாயில் போய்விட்டார்கள். லீவு நாளில் துணி துவைக்கப் போன நான்கு பேர். அதற்கு முந்தின கோடையில் கரம்பை அள்ளிய பள்ளம் தண்ணீருக்கு அடியில் இருந்தது. ஒருத்தி வழுக்கினாள். கையைக் கொடுத்து இழுக்கப் போனவளும் உள்ளே போனாள். கரையில் நின்ற இரண்டு பேரும் ரோட்டுக்கு ஓடிக் கத்தினார்கள். ஆம்பளை ஆட்கள் வந்து சேர இருபது நிமிடம். செய்தித்தாளில் 'நீச்சல் தெரியாததால்' என்று வந்தது. அதில் ஒருத்திக்கு ஆறாம் வகுப்பு வரைக்கும் நீச்சல் தெரியும். என்னோடு அதே கிணற்றில் குளித்தவள். பள்ளத்துக்குள் இன்னொருத்தி கழுத்தைக் கட்டிக்கொண்டால் அந்த நீச்சல் எவ்வளவு நேரம் தாங்கும் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் பெண்பிள்ளைகள் கண்மாய்க்குப் போவதும் நின்றது.

எனவே கல்லூரி நோட்டீஸ் போர்டில் 'மாணவர்களுக்கான கடற்கரை மற்றும் கடல் திறன் பயிற்சி, ஆறு நாள்' என்று பார்த்தபோது எனக்கு வந்தது சாகச ஆசை இல்லை. கட்டணம் 6,500 ரூபாய், பாதியைக் கல்லூரி கட்டும். இடம் தேவிபட்டினத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில் பாக் விரிகுடாக் கரையில் ஒரு சின்ன ஊர். அப்பா, "அங்க போயி என்னத்த படிக்கப்போற?" என்று நான்கு நாள் யோசித்தார். ஐந்தாவது நாள் பெற்றோர் கையெழுத்து இடத்தில் அம்மா போட்டுக் கொடுத்துவிட்டாள். அவரிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது.

இந்த மாதிரிப் பயிற்சிகளுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1941-இல் வேல்ஸ் நாட்டின் அபர்டோவி என்கிற கடலோர ஊரில் அவுட்வர்ட் பவுண்ட் பள்ளி ஆரம்பமானது. நாஜிகளின் ஜெர்மனியிலிருந்து வெளியேறி வந்த கல்வியாளர் குர்ட் ஹானும், புளூ ஃபனல் கப்பல் கம்பெனியின் லாரன்ஸ் ஹோல்ட்டும் சேர்ந்து தொடங்கியது. போர்க்காலம், அட்லாண்டிக்கில் டார்பிடோ பட்டுக் கப்பல்கள் மூழ்கிக்கொண்டிருந்தன. உயிர்காப்புப் படகில் வயதான மாலுமிகள் தாக்குப்பிடிக்கிறார்கள், இளவட்டங்கள் சாகிறார்கள் என்பது ஹோல்ட்டின் கவலை. உடம்பில் வலு இருந்தது, பழக்கம் இல்லை. கடல் வேலைக்காகப் பழக்குவது அல்ல, கடலை வைத்துப் பழக்குவது என்று அவர்கள் தங்கள் வழியைச் சொல்லிக்கொண்டார்கள். ஆரம்பத்தில் பையன்களுக்கு மட்டும்தான். அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவி, எண்பது வருஷம் கழித்து ஏதோ ஒரு கிளைவழியாக எங்கள் நோட்டீஸ் போர்டுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

முதல் பாடமே துணிதான். சுடிதார் டாப் தண்ணீரில் பாராசூட் மாதிரி விரியும், துப்பட்டா துடுப்பில் சுற்றும், ஜீன்ஸ் ஈரமானால் இரும்பு. லெகிங்ஸும் முழுக்கை டி-சர்ட்டும் போட்டுக்கொண்டு முதன்முதலாகப் பையன்கள் முன்னால் கரையில் நடந்தபோது எங்கள் ஆறு பேருக்கும் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. லைஃப் ஜாக்கெட் மாட்டியதும் நிம்மதியாக இருந்தது. ஆனால் அது ஆம்பளை உடம்புக்குத் தைத்தது. நெஞ்சில் இறுக்கினால் மூச்சு முட்டும், தளர்த்தினால் தண்ணீரில் காதுவரை ஏறிவிடும். அக்கா ஒவ்வொருத்தியின் தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார். தூக்கினால் தாடையைத் தாண்டி வரக்கூடாது. எனக்கு மூன்று ஜாக்கெட் மாற்ற வேண்டியிருந்தது.

இரண்டாம் நாள் கயாக்கைக் கவிழ்த்தார்கள். மூடிய கயாக் என்றால் இடுப்பு வரைக்கும் உள்ளே இருக்கும். தண்ணீர் புகாமலிருக்க இடுப்பைச் சுற்றி ஒரு ரப்பர் பாவாடையை மாட்டி, அதன் விளிம்பை உட்காரும் குழியின் விளிம்போடு இழுத்துப் பொருத்துவார்கள். கவிழ்ந்தால் நாம் தலைகீழாகப் படகுக்குள் சொருகியிருப்போம். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: முன்னால் குனி. இரண்டு கையையும் வெளியே நீட்டிப் படகின் அடியில் மூன்று முறை தட்டு. பாவாடையின் முன்னால் இருக்கிற பட்டையைப் பிடித்து முதலில் முன்னுக்குத் தள்ளி, அப்புறம் விலக்கு. கைகளை இடுப்புக்குப் பக்கத்தில் ஊன்றி, பேண்ட் கழற்றுகிற மாதிரிப் படகைக் கழற்று.

அந்த மூன்று தட்டு எதற்கு என்று கேட்டேன். நீ இன்னும் நிதானமாக இருக்கிறாய் என்று வெளியே நிற்கிறவருக்குத் தெரிவிக்கத்தானாம். உனக்கும் தெரிய வேண்டும் என்றார் அக்கா.

எனக்கு முன்னால் போன மூன்று பேரும் தட்டவில்லை. உதறிக்கொண்டு வந்தார்கள். என் முறை. கவிழ்ந்ததும் மூக்கு வழியாக உப்பு ஏறி நெற்றிக்குள் சுரீர் என்றது. கண்ணைத் திறந்துவிட்டேன் என்பது ஒரு நொடி கழித்துத்தான் புரிந்தது. கிணற்றில் எப்போதும் திறந்துதான் வைத்திருப்பேன். மங்கலான பச்சை, அதில் என் கை. எட்டு வருஷத்துக்கு முன்னால் பார்த்த அதே கை, கொஞ்சம் பெரிதாக. தட்டினேன். ஒன்று. இரண்டு. மூன்று. பட்டை கைக்கு உடனே கிடைத்தது. மேலே வந்தபோது அக்கா, "எங்க கத்துக்கிட்ட?" என்றார். இருமிக்கொண்டே, "கெணத்துல" என்றேன்.

அன்று சாயங்காலம் கயிறு. வளையமாக முடிச்சுப் போடுவது, அவிழாமல் போடுவது, போட்டதை ஒரே இழுப்பில் அவிழ்ப்பது. நடுவில் அக்கா எங்கள் அறைக்குப் போய் யாருடையதோ ஒரு துப்பட்டாவை எடுத்துவந்தார். காலையில் 'கடல்ல இது எமன்' என்று சொன்னவர்தான். அதை நனைத்துப் பிழிந்து முறுக்கி, ஒரு முனையில் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கட்டினார். பாட்டிலில் கால் பங்கு தண்ணீர், மீதி காற்று. வீசினார். இரண்டரை மீட்டர் போய் விழுந்து மிதந்தது. இன்னொரு துப்பட்டாவை முடிந்து வீசினார், ஐந்து மீட்டர்.

"யாராவது முங்குனா முதல்ல கத்து. அடுத்து கம்பு, துணி, கயிறு எதையாவது நீட்டு. நீட்ட எட்டலைன்னா மெதக்குறது எதையாவது தூக்கிப் போடு. படுத்துக்கிட்டு நீட்டு, நின்னுக்கிட்டு நீட்டுனா உன்னையும் இழுத்துரும். உள்ள எறங்குறது கடைசி. பழகாத ஆளுக்குக் கடைசியும் கெடையாது."

பையன்கள் துப்பட்டா வீசுவதில் போட்டி வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஐந்து மீட்டரைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தேன். எங்கள் கண்மாயில் அந்தப் பள்ளம் கரையிலிருந்து ஐந்து மீட்டர்கூட இருக்காது. துவைக்கக் கொண்டுபோன துணி அவ்வளவும் கரையில்தான் கிடந்தது.

பக்கத்தில் இருந்தவளிடம் அதைச் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. துப்பட்டாவை எடுத்து முறுக்கி மறுபடி வீசினாள். ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் இரண்டு பேரும் வீசிக்கொண்டே இருந்தோம்.

பாக் விரிகுடாவை அந்தப் பக்கத்து ஆட்கள் பெண்கடல் என்கிறார்கள். பாம்பனுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல். இது ஆழம் குறைவு, பெரும்பாலும் பதினைந்து மீட்டருக்குள், பெரிய அலை கிடையாது. அது ஆழம், அலை. பெயருக்கு இதுதான் காரணம் என்று சொன்னார்கள். ஆனால் வடகிழக்குப் பருவத்தில் வாடை அடிக்கும்போது பெண்கடல்தான் கொந்தளிக்கும், ஆண்கடல் அடங்கிக் கிடக்கும். ஆழம் குறைந்த தண்ணீரில் காற்று கிளப்புகிற அலை குட்டையாக, நெருக்கமாக, மூச்சுவிட இடம் தராமல் வரும். அப்போதும் பெயரை யாரும் மாற்றுவதில்லை. தெரிந்ததுதானே.

நாங்கள் போனது பிப்ரவரி, வாடை ஓய்ந்தும் ஓயாத நேரம். எங்களுக்குத் துணையாக ஒரு பைபர் வள்ளம் வரும். அதை ஓட்டிய ஐயாவுக்கு அறுபது வயசு இருக்கும், பேச்சு கம்மி. காற்றுக்கு அவரிடம் தனித்தனிப் பெயர் இருந்தது. வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கே கச்சான். தண்ணீருக்கு அடியில் ஓடுகிற ஓட்டத்துக்கு நீவாடு. எங்கள் கையேட்டில் போஃபர்ட் அளவுகோல் இருந்தது. 1805-இல் பிரிட்டிஷ் கடற்படையின் பிரான்சிஸ் போஃபர்ட் வகுத்தது, பூஜ்யம் முதல் பன்னிரண்டு வரை. மூன்றில் அங்கங்கே நுரை தெரியும், நாலில் எங்கு பார்த்தாலும் நுரை. நாலு வந்தால் எங்கள் மாதிரிக் கற்றுக்குட்டிகள் கடலில் இருக்கக்கூடாது. அது பதினொன்றிலிருந்து பதினாறு நாட் வேகம், ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்.

நாலாம் நாள் ஒன்பது கிலோமீட்டர் தெற்கே துடுப்புப் போட்டு ஒரு மணல்திட்டுக்குப் போய், மத்தியானம் அங்கேயே சமைத்துச் சாப்பிடுவதாகத் திட்டம். அதற்காகத்தான் மூன்று நாள் கை ஓடிய ஓட்டம். காலை ஆறு மணிக்குக் கடல் தாம்பாளத்தில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடந்தது. அக்கா போனில் ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனம் மீனவர்களுக்காகப் போடுகிற கடல்நிலை அறிவிப்பைப் பார்த்தார். ஐயா எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை, பல் விளக்கிக்கொண்டிருந்தார். "பத்து மணிக்கு மேல வாடை எடுக்கும்" என்றார். அறிவிப்பிலும் ஏறக்குறைய அதுதான் இருந்தது. இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பினோம். ஒன்பதரைக்கு எல்லாக் கயாக்கும் கரையில்.

வெயில் அடிக்கிறது, கடல் பளபளக்கிறது, நாங்கள் புளியோதரைப் பொட்டலத்தோடு வேலிக்கருவை நிழலில் உட்கார்ந்திருக்கிறோம். பையன்களுக்குக் கடுப்பு. "ஒரு நாள் வேஸ்ட்டு" என்று ஒருத்தன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். "கடல் எங்கயும் போயிராது தம்பி, நாளைக்கும் இங்கனதான் கெடக்கும்" என்றார் ஐயா. பத்தே காலுக்கு முதல் நுரை. பத்தரைக்கு அடிவானம் வரைக்கும் வெள்ளை வெள்ளையாக. கரையில் அடித்த அலையில் ஒரு கயாக் தானாகவே புரண்டது. அவன் எழுந்துபோய் அதை இழுத்து மேலே போட்டான், பேசவில்லை.

எழுத உட்கார்ந்தபோது அந்த ஆறு நாளில் எனக்கு அதிகம் ஞாபகம் வருவது கடலுக்குள் போகாத அந்தப் பகல்தான். சும்மா இருந்த நேரத்தில் அக்கா மணலில் குச்சியால் கோடு போட்டு ரிப் கரண்ட் சொல்லிக்கொடுத்தார். எங்கள் கடலில் அதைக் காட்ட முடியாது, கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்துக் கடல் மாதிரிப் பெரிய அலை வேண்டும். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் எங்காவது திரும்பிப் போயாக வேண்டும். அது மணல்மேடு தாழ்ந்த ஓர் இடத்தைக் கண்டுபிடித்து, அந்தச் சந்து வழியாக வேகமாக உள்ளே ஓடும். அந்த இடத்தில் அலை உடையாது. இரண்டு பக்கமும் நுரையாக இருக்க, நடுவில் மட்டும் கொஞ்சம் கருத்து, அமைதியாகத் தெரியும். வெளியூரிலிருந்து டூர் வருகிறவர்கள் 'இங்க அலை கம்மியா இருக்கு' என்று தேர்ந்தெடுத்து இறங்குகிற இடம் அதுதான். அது ஆளைக் கீழே இழுக்காது, உள்ளே கொண்டுபோகும். அதை எதிர்த்துக் கரையைப் பார்த்து நீந்துகிறவன் களைத்துத்தான் மூழ்குகிறான். மல்லாந்து மிதக்க வேண்டும், கையைத் தூக்கிக் காட்ட வேண்டும், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி நுரை அடிக்கிற இடத்துக்கு வந்து அலையோடு திரும்ப வேண்டும். கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் போலீசுக்கு 1093.

மதுரை, திண்டுக்கல், சேலம் என்று உள்நாட்டு ஊர்களிலிருந்து பஸ் பிடித்துப் போய், பன்னிரண்டு மணி வெயிலில் கடலில் இறங்கி, மாலைச் செய்தியில் பெயராக வருகிற கல்லூரிப் பிள்ளைகளை நாம் எல்லோருமே படித்திருப்போம். பத்து நிமிடத்தில் மணலில் குச்சியால் சொல்லித்தரக்கூடிய விஷயம். பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் எனக்கு இதை யாரும் சொன்னதில்லை. காவிரி பாயும் மாவட்டங்களை வரிசையாகச் சொல்லச் சொன்னால் இப்போதும் சொல்வேன்.

ஐந்தாம் நாள் எங்களில் ஒருத்திக்கு மாதவிலக்கு. மூலையில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கப் வேண்டுமென்றால் புதிதாக ஒன்று பையில் இருக்கிறது, எப்படி வைப்பது என்று சொல்லித்தருகிறேன் என்றார். "எறங்கணும்னா எறங்கு. வேணாம்னா கரையில வேலை இருக்கு. ரெண்டும் ஒண்ணுதான்." அவள் அன்று கரையிலேயே இருந்து எல்லோருக்கும் நேரம் குறித்தாள். மறுநாள் இறங்கினாள்.

அன்று பிற்பகல் வேனில் தெற்குப் பக்கம் போனோம். திருப்புல்லாணியைத் தாண்டி மன்னார் வளைகுடாக் கரை. பாசி எடுக்கிற பெண்கள் அப்போதுதான் கரையேறிக்கொண்டிருந்தார்கள். நாற்பதிலிருந்து அறுபது வயசு வரைக்கும் இருப்பார்கள். சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, மேலே ஆம்பளைச் சட்டை, இடுப்பில் வலைப்பை, கண்ணில் கண்ணாடி, காலில் ரப்பர் செருப்பு, பத்து விரலிலும் துணிக்கிழிசல் சுற்றியிருந்தது. பாறையில் ஒட்டியிருக்கிற மரிக்கொழுந்துப் பாசியை மூச்சை அடக்கி முங்கிப் பிய்த்தெடுக்க வேண்டும். பாறை விரலை அறுக்கும்.

அந்தப் பாசியிலிருந்துதான் அகார் எடுக்கிறார்கள். நான் படிப்பது நுண்ணுயிரியல். இரண்டு வருஷமாக வாரத்துக்கு மூன்று நாள் அகாரைக் காய்ச்சித் தட்டில் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். அது கடலிலிருந்து வருகிறது என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஒருத்தர் விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்கி எடுக்கிறார் என்று தெரியாது.

ஓர் அம்மா என் லைஃப் ஜாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தார். "என்னத்தா இது, மெதக்குற சட்டையா? எங்களுக்கு ஆகாது. முங்க விடாதுல்ல."

எவ்வளவு காசு கட்டி வந்தோம் என்று கேட்டார். சொன்னேன். "கடல்ல எறங்கவா?" என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். எங்கள் லேபில் இந்தப் பாசியைத்தான் பயன்படுத்துகிறோம், அதில் கிருமி வளர்ப்போம் என்றேன். "ஐஸ்கிரீமுக்குப் போகுதுன்னுல்ல சொன்னாக. கிருமிய வேற வளக்குறீகளா?" மறுபடி சிரிப்பு.

தீவுகளைச் சுற்றித்தான் பாசி அதிகம். ஆனால் 21 தீவுகளும் 1986-இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாகிவிட்டன, அங்கே போனால் வனத்துறை பிடிக்கும். பாசி எடுக்கிற பெண்கள் கூட்டமைப்பாகச் சேர்ந்து தங்களுக்குள் சில கட்டுப்பாடுகளை வைத்துக்கொண்டார்கள். அதை முன்னின்று நடத்திய பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி விருது கிடைத்தது. இதை அக்கா வேனில் சொல்லியிருந்தார். கரையில் அந்த அம்மாவிடம் அதைப் பற்றிக் கேட்டபோது, "ஆமா, குடுத்தாக" என்று சொல்லிவிட்டுப் பாசியை உதறிக் காயப்போடப் போய்விட்டார்.

நானும் கூடவே போய் உதறினேன். உங்களுக்கு யார் நீச்சல் சொல்லித்தந்தது என்று கேட்டேன். அவருடைய அம்மாவாம், ஏழு வயசில். பெரிய மனுஷி ஆன பிறகும் விட்டார்களா என்றேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "விடாம? சோறு எங்கிட்டுருந்து வரும்?"

"ஒங்க பொண்ணுக்கும் சொல்லிக் குடுத்தீங்களாம்மா?"

"இல்லத்தா. அவ பரமக்குடில நர்சிங் படிக்கா. அவளுக்கு நீச்சத் தெரியாது. நான்தான் எறக்கல." ஒரு கைப்பிடிப் பாசியை மணலில் பரப்பினார். "எறக்கிவிட்டா பழகிரும். பழகிட்டா அப்புறம் இதுதான்னு ஆயிரும்."

கிணற்றிலிருந்து என்னை ஏற்றிவிட்ட ஆச்சியும் இவரும் ஒன்றில்லை. ஒருத்தி மானத்துக்காகச் செய்தாள், ஒருத்தி மகள் விரல் அறுபடக்கூடாது என்று செய்கிறாள். ஆனால் தண்ணீர் பக்கத்தில் நிற்கிற பொண்ணுக்கு இரண்டும் ஒரே இடத்தில்தான் வந்து முடிகிறது. இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் அளவுக்கு யோசிக்காமல் அவர் முடிவெடுத்திருக்க மாட்டார்.

2004 சுனாமிக்குச் சில மாதங்கள் கழித்து ஆக்ஸ்ஃபாம் ஒரு கணக்கு வெளியிட்டது. கடலூர் மாவட்டத்தில் செத்தவர்களில் பெண்கள் 391, ஆண்கள் 146. ஆண்கள் பலர் அப்போது படகில் கடலுக்குள் இருந்தார்கள். ஆழத்தில் அந்த அலை படகை லேசாகத் தூக்கி இறக்கிவிட்டுப் போய்விடும், கரையில்தான் எழும்பி அடிக்கும். கரையில் மீனுக்காகக் காத்திருந்தவர்கள் பெண்கள். கையில் பிள்ளை, உடம்பில் சேலை. சுனாமியை நீந்திக் கடந்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை, அது நீச்சலுக்கு அடங்குகிற விஷயம் இல்லை. இருந்தாலும் மரத்தில் ஏறத் தெரிந்தவர்கள், மிதக்கிற கட்டையைப் பிடித்துக்கொண்டு மிதக்கத் தெரிந்தவர்கள் யார் என்பது அந்தக் காலையில் முடிவான ஒன்றில்லை. அந்த இரண்டு எண்களும் அதற்குப் பல வருஷம் முன்னாலேயே திண்ணைகளில் தயாராகிக்கொண்டிருந்தன.

ஆறாம் நாள் மணல்திட்டுக்குப் போனோம். காற்று இல்லை. ஒன்பது கிலோமீட்டர், மூன்று மணி நேரம். உள்ளங்கையில் நான்கு கொப்புளம். தெளிந்த தண்ணீரில் கடற்புல் படுகை கீழே ஓடிக்கொண்டே வந்தது. கடல்பசு தெரியுமா என்று எல்லோரும் குனிந்து பார்த்தோம், தெரியவில்லை. சாம்பார் தீய்ந்துபோனது. நன்றாக இருந்தது, வேறென்ன சொல்ல.

ஊருக்கு வந்து ஒரு மாதம் கழித்து மதுரையில் ஒரு நீச்சல் குளத்தில் சேர்ந்தேன். பெண்களுக்கு ஒதுக்கிய நேரம் மத்தியானம் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு, வாரத்தில் மூன்று நாள். படிக்கிறவளும் வேலைக்குப் போகிறவளும் எப்படி வருவாள் என்று கவுன்டரில் கேட்டேன். "யாரும் வர்றதில்லம்மா, அதான் அந்த டைம்" என்றார் அங்கே இருந்தவர். நாங்கள் ஏழு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். இப்போது சனி, ஞாயிறு காலை ஏழு மணிக்கும் உண்டு. ஏழு பேர் இருபத்திரண்டு பேர் ஆகியிருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் பாட்டிகள்.

பாட்டிகளைப் பற்றி அம்மாவிடம் போனில் சொன்னேன். லீவுக்கு நீயும் வா என்றேன்.

"எனக்கெதுக்கு இனிமே. மறந்திருக்கும்."

"மறக்காதும்மா. எனக்கு மறக்கலயே."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பில் என்னவோ கொதிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் தம்பி பரீட்சை, மழை பெய்யாதது, பக்கத்து வீட்டு வளைகாப்பு எல்லாம் பேசினாள். வைக்கப் போகிற நேரத்தில், "அந்தப் பாட்டிங்க என்ன துணி போட்டுக்கிட்டு எறங்குறாக?" என்று கேட்டாள்.